லென்ஸில் இறுகிய மரை

கேமரா லென்ஸுக்குள் கண்ணாடிகளை இடம் பெயராமல் பிடித்து வைத்திருப்பது மரை. 1840-இல் யோசப் பெட்ஸ்வால் கணக்கிட்டுக் கொடுத்த உருவப்பட லென்ஸை வியன்னாவில் ஃபோய்க்ட்லெண்டர் பட்டறை செய்தபோது, பித்தளைக் குழாயில் மரை வெட்டி, கண்ணாடி அமர்ந்த வளையங்களை அதில் திருகினார்கள். குழாயைக் கேமராப் பலகையில் மாட்டவும் ஒரு மரை வளையம் இருந்தது. அந்நாளில் ஒவ்வொரு பட்டறையும் தன் லேத்தில் தன் அளவுக்கே மரை வெட்டியது. பலகை வளையம் தொலைந்தால் வேறொருவர் வளையம் சேராது; சேராததை வலிந்து திருகியதில் புரி நசுங்கிய பழைய குழாய்கள் பல.

பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் 55 பாகை கோணமுள்ள பொது மரையை முன்வைத்தார். மைக்ரோஸ்கோப் செய்பவர்கள் அந்த வடிவத்தைப் பின்னர் ஏற்றுக்கொண்டார்கள். மைக்ரோஸ்கோப் நிறுவனமாக வளர்ந்த ஜெர்மனியின் லைட்ஸ், 1930-இல் தன் லைக்கா கேமராவுக்கு மாற்று லென்ஸ் கொண்டுவந்தபோது பிறந்தது ஒரு கலப்பு மரை: குறுக்களவு 39 மில்லிமீட்டர், புரிகளோ அங்குலத்துக்கு 26. தொடக்கத்தில் ஒவ்வொரு லென்ஸும் தனக்குரிய கேமராவுக்கென்றே சரிசெய்யப்பட்டது. 1931-இல் லென்ஸ் அமரும் வளையத்திலிருந்து ஃபிலிம் வரையான தொலைவு 28.8 மில்லிமீட்டர் என்று நிலைப்பட்ட பிறகே எந்த லென்ஸும் எந்த உடலிலும் அமர்ந்தது.

அங்குலப் புரி ஒன்றின் இடைவெளி 0.977 மில்லிமீட்டர். கார்கிவ் நகரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான கம்யூன் ஒன்றில் 1934 முதல் தயாரான ‘ஃபெட்’ கேமராக்களில், தொடக்க காலத்தவற்றுக்கு அதே குறுக்களவில் ஒரு மில்லிமீட்டர் புரியே வெட்டப்பட்டது. ஒரு சுற்றுக்கு 0.023 மில்லிமீட்டர்தான் வேறுபாடு. ஒன்றின் லென்ஸை மற்றதில் திருகினால் முதல் சுற்று வழுக்கிக்கொண்டு போகும். நாலாவது சுற்றில் வேறுபாடு 0.09-ஐத் தொட்டு, புரியோடு புரி கவ்வும். அதற்கு மேல் முறுக்குவது லென்ஸைக் கொல்வதற்குச் சமம்.

போருக்குப் பின் அலுமினியம் பரவியது. எடை குறைந்தது, தொல்லை கூடியது. பித்தளை பித்தளையின் மேல் இழைந்து ஓடும். அலுமினியம் அலுமினியத்தோடு உரசினால் ஒன்றையொன்று கிழித்து ஒட்டிக்கொள்ளும். பித்தளையும் அலுமினியமும் தொட்டிருக்கும் இடத்தில் உப்புக்காற்றும் ஈரமும் பட்டால் அலுமினியம் அரித்து, வெண்பொடி புரிகளை அடைக்கும். ஆண்டுகள் போகக் கிரீஸும் காய்ந்து பசையாகும். தொழிற்சாலையே வளையம் கழலாதபடி அரக்கோ வார்னிஷோ தொட்டுவைப்பதும் உண்டு.

எது பிடித்திருக்கிறது என்று அறிந்த பிறகே கை வைக்க வேண்டும். அரக்கு என்றால் ஊசிமுனையால் ஒரு சொட்டு ஸ்பிரிட்டை மூட்டில் விட்டுக் காத்திருந்தால் போதும். அரக்கு அதில் கரையும். துரு நீக்கும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவதுதான் பெரிய தவறு. அது ஊர்ந்து ஒளித்துளையைத் திறந்து மூடும் தகடுகளில் ஏறி, அவற்றை ஒட்டவைத்துவிடும். சூடு காட்டுவதற்கும் கணக்கு உண்டு: ஒரு பாகைச் சூட்டுக்கு மீட்டர் நீள அலுமினியம் 23 மைக்ரான் விரியும், பித்தளை 19 மைக்ரான்தான். வெளிவளையம் அலுமினியமாக இருந்தால் சூடு தளர்த்தும். அலுமினியம் உள்ளே இருந்தால் அதே சூடு இன்னும் இறுக்கும். பழைய லென்ஸ்களில் கண்ணாடிகளை ஒட்டியிருப்பது கனடா பால்சம் என்னும் மரப்பிசின். சூட்டில் அது இளகிக் கண்ணாடிகள் பிரிந்துவிடும் என்பதால் அவற்றுக்கு அனலே ஆகாது.

உள்வளையத்தின் இரண்டு வெட்டுகளில் இருமுனைச் சாவியைப் பொருத்தித் திருப்புவது வழக்கம். முனை நழுவினால் கண்ணாடியில் கீறல் விழும்; அதனால் முனை வெட்டின் அகலத்துக்கு அரம் போட்டுத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். முகப்பில் சிக்கிய ஃபில்டரைப் பலர் இரு விரலால் பக்கவாட்டில் நெரிக்கிறார்கள். மெல்லிய வளையம் அப்போது முட்டை வடிவாகி மேலும் கவ்வுகிறது. லென்ஸை ரப்பர் விரிப்பின் மேல் கவிழ்த்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்தித் திருப்பினால் விசை வளையம் முழுவதிலும் சமமாகப் பரவும். பெரும்பாலும் அந்தப் பிடியிலேயே ஃபில்டர் கழன்றுவிடும்.