பெயர் பொறிக்கப்பெறாத வீரர்

கி.பி. 712இல் சிந்துவை வென்ற அரபுப் படை, பின்னர்க் கச்சம், சௌராட்டிரம் முதலிய நாடுகளைத் தாக்கித் தக்காணத்தை நோக்கி வந்தது. குசராத்தின் நவசாரிப் பகுதியில் சாளுக்கிய இளவரசன் அவனிசனாசிரய புலகேசி அதனை முறியடித்தான். பேரரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் மகிழ்ந்து அவனுக்கு விருதுகள் நல்கியதை 738–39ஆம் ஆண்டின் நவசாரிச் செப்பேடு கூறும். அச்செப்பேட்டில் வென்ற மன்னன் பெயர் உண்டு. நிலக்கொடை பெற்ற அந்தணர் பெயரும் உண்டு. களத்தில் குருதி சிந்திய காலாட்களின் பெயர் ஒன்றேனும் இல்லை.

நம் தென்காசிச் சீமையிலும் இதனையே காண்கிறோம். குற்றாலத்திற்கு வடக்கே நெற்கட்டும்செவலில், 1755இல் நவாபும் கும்பினியாரும் கேட்ட திறையைப் பூலித்தேவர் மறுத்தார். 1761இல் யூசுப்கான் கோட்டையைக் கைப்பற்றும் வரை எதிர்ப்பு நீடித்தது. கும்பினி ஏடுகள் பூலித்தேவரைப் பேசின. அவர்தம் படைத்தலைவர்களாக ஒண்டிவீரனையும் வெண்ணிக் காலாடியையும் போற்றிக் காத்தது ஒடுக்கப்பட்ட மக்களின் வாய்மொழியே. அது நிலைத்தமையாலன்றோ 2022இல் ஒண்டிவீரனுக்கு அஞ்சல்தலை வெளிவந்தது!

வாளேந்தியும் நம் முன்னோர் ஏட்டில் இடம்பெறவில்லை. எழுத்து அவர்க்கு மறுக்கப்பட்டிருந்தது. இன்று நம் பிள்ளைகள் கையில் எழுதுகோல் உள்ளது. ஊர்தோறும் முதியோர் சொல்வதைக் கேட்டு எழுதிவைத்தலே நம் சங்கத்தின் அடுத்த பணியாகுக.