குருதிக் குறிகளும் கல்லீரல் நோய் முன்கணிப்பும்: கீழாநெல்லி ஆய்வை முன்வைத்து

முன்னுரை

மதுரையைச் சூழ்ந்த வைகைச் சமவெளியின் வயல் வரப்புகளில் தானே முளைக்கும் கீழாநெல்லி, காமாலைக்குரிய மூலிகையாக நெடுங்காலம் வழங்கி வருகிறது. கண்ணின் மஞ்சள் மறைவதே நோய் தீர்ந்ததற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. சித்த மருத்துவத்தின் நீர்க்குறி, நெய்க்குறித் தேர்வுகளும் நோயின் இயல்போடு அது தீருமா, தீராதா என்பதையும் அறிய முயன்றவையே. எனவே முன்கணிப்பு தமிழ் மருத்துவத்திற்குப் புதிதன்று. குறி குருதியில் தேடப்பட்டதே புதிது. அம்மாற்றத்தின் விளைவை இக்கட்டுரை ஆராய்கிறது.

குருதிக் குறிகள்

1963இல் மாஸ்கோவில் அபெலெவ் குழுவினர், கல்லீரல் கட்டியுற்ற சுண்டெலிகளின் குருதியில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்னும் கருநிலைப் புரதத்தைக் கண்டனர். மறு ஆண்டே தாதாரினோவ் அதனைக் கல்லீரல் புற்றுநோயாளரிடம் கண்டறிந்தார். 1965இல் ப்ளம்பெர்க் குழுவினர் அறிவித்த 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்', பின்னர் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதமென உறுதியாயிற்று. தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கண்காணித்த பீஸ்லி குழுவினர், இக்குறியுடையோர்க்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிறரைவிட 223 மடங்கு என 1981இல் வெளியிட்டனர். கண்ணில் மஞ்சளே இல்லாதவரின் வருங்காலத்தையும் குருதி உணர்த்தக்கூடும் என்பது இதனால் தெளிவாயிற்று.

கீழாநெல்லி ஆய்வு

இப்பின்புலத்தில் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ப்ளம்பெர்க்குடன் இணைந்து 1988இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வைரஸைத் தாங்கியிருந்தோருக்குக் கீழாநெல்லிப் பொடி 30 நாள் அளிக்கப்பட்டது. மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. ஆயினும் தாய்லாந்து, நியூசிலாந்து முதலிய நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகள் இம்முடிவை உறுதிப்படுத்தவில்லை.

ஹெபடைடிஸ் ஏ போன்ற தொற்றால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணியும். அப்போது உண்ட மூலிகைக்கே அப்பயன் ஏற்றப்படும். ஹெபடைடிஸ் பி வைரஸோ மஞ்சள் மறைந்த பின்னும், மஞ்சள் தோன்றாமலும் பல்லாண்டு தங்கிப் புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம்.

முடிவுரை

பழைய குறி முற்றிலும் தள்ளப்படவில்லை. மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின், 1973இல் பியூ குழுவினர் திருத்திய மதிப்பீட்டில் ஆல்புமின், குருதி உறையும் நேரம் ஆகியவற்றோடு இன்றும் எண்ணப்படுகிறது. ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் மிகுதல் பொதுவாகப் பாதக விளைவைக் காட்டினும், சில கட்டிகள் அதனைச் சுரப்பதில்லை. எக்குறியும் தனித்து நின்று முடிவுரைக்க இயலாது. மஞ்சள் தெளிந்ததையே நலமெனக் கொண்டு குருதிச் சோதனையைத் தவிர்ப்பவர், தடுக்கத்தக்க காலத்தை இழக்க நேரிடும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.