ஏழெட்டு ஐம்பத்தாறு

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஐந்தாம் வாய்ப்பாட்டுக்கு மேல் ஏறவில்லை; விரல் முட்டிகள் வீங்கியதுதான் மிச்சம். அதே பிரான்சில், ஓவெர்ஞ் பகுதி உழவர்கள் விரலாலேயே பெருக்கினார்கள் என்பதை டேன்ட்சிக்கின் 1930-ஆம் ஆண்டுக் கணித நூலில் பிற்பாடு படித்தேன்.

7 × 8 வேண்டுமா? ஐந்துக்கு மேற்பட்டதை மட்டும், ஒரு கையில் 2 விரல், மறு கையில் 3 விரல் நீட்டுங்கள். நீட்டியவை ஐந்து, அதாவது ஐம்பது. மடங்கியவை 3, 2, பெருக்கினால் ஆறு. ஐம்பத்தாறு! ஐந்தாம் வாய்ப்பாடு வரை தெரிந்தால் போதும். (6 × 6-இல் இருபதோடு பதினாறைக் கூட்ட வேண்டும். அங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள்.)

நம் திண்ணைப் பள்ளி எண்சுவடியோ முழுக்க மனப்பாடம்.

பேத்திக்குச் சொல்லித் தந்தேன். வகுப்பில் விரல் விடக்கூடாதாம். மேசைக்கடியில் விடுகிறாள்.