நல்லா பேசினா நல்ல கோர்ஸா? ஆன்லைன் கல்லூரிப் பாடத்தில் சேரும் முன் என்ன பார்க்கணும்?

செமஸ்டர் தொடங்கி நாலு நாள்கூட ஆகியிருக்காது. டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்துவிடும்: 'எல்லோரும் இந்த வாரத்துக்குள் ஒரு என்பிடெல் கோர்ஸில் சேர்ந்துவிடவும்.' அடுத்த நிமிஷமே சீனியருக்கு போன் பறக்கும். "அண்ணா, எது ஈஸி?"

கேள்வியில் தப்பில்லை. ஆனால், அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திவிட்டால் 12 வாரம் வீணாகப் போகலாம். யு.ஜி.சி-யின் 2021 விதிமுறைப்படி, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவிகிதம் வரை ஸ்வயம் தளத்தின் வழியாகப் படிக்கக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். அதாவது, நீங்கள் பார்க்கிற வீடியோ பொழுதுபோக்கு அல்ல, உங்கள் மார்க் ஷீட்டில் ஏறப்போகிற பாடம். வகுப்பில் வாத்தியாரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. இங்கே முடியும். அப்படியிருக்க, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலானவர்கள் முதல் வீடியோவைப் போட்டு அஞ்சு நிமிஷம் பார்ப்பார்கள். சார் கலகலவென்று பேசினால் ஓகே. பேப்பரைப் பார்த்து வாசித்தால் அடுத்த கோர்ஸ். இந்த அஞ்சு நிமிஷத் தீர்ப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, நிஜக் கதை.

1970-ல் அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகருக்கு 'டாக்டர் மைரன் ஃபாக்ஸ்' என்று பெயர் சூட்டி, மருத்துவக் கல்வியில் கேம் தியரி பற்றிப் பேசவிட்டார்கள். அவருக்கு அந்தத் துறையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாகவும், அர்த்தமே இல்லாத சொற்களைப் போட்டும், இடையிடையே ஜோக் அடித்தும் பேசச் சொல்லித்தான் பயிற்சியே கொடுத்திருந்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், கல்வியாளர்கள். பிற்பாடு அந்தப் பேச்சின் வீடியோ வேறு இரண்டு குழுக்களுக்கும் போட்டுக் காட்டப்பட்டது. மொத்தம் 55 பேர். பெரும்பாலானவர்கள் பாராட்டித் தள்ளினார்கள். ஒருவர் 'டாக்டர் ஃபாக்ஸின்' கட்டுரைகளை ஏற்கெனவே படித்திருப்பதாகவே சொன்னார்! 1973-ல் இந்த ஆய்வு வெளியானது.

அது ஒரு நாடகம்தானே என்று தோன்றலாம். 2013-ல் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஷானா கார்ப்பென்ட்டர் குழு இதையே இன்னும் நேர்த்தியாகச் சோதித்தது. கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் கலந்த பூனைகள் ஏன் ஏறக்குறைய எப்போதும் பெண் பூனைகளாகவே இருக்கின்றன என்று விளக்கும் சின்ன வீடியோ அது. பேச்சு ஒன்றுதான், பேசுபவரும் ஒருவர்தான். ஒரு வீடியோவில் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, தங்கு தடையில்லாமல் பேசுகிறார். இன்னொன்றில் குனிந்து, குறிப்பைப் பார்த்து, தடுமாறுகிறார். முதல் வீடியோவைப் பார்த்தவர்கள் 'எனக்கு நிறைய ஞாபகம் இருக்கும்' என்றார்கள். தேர்வு வைத்தால் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

சரளமான பேச்சு கேட்பவருக்குப் 'புரிந்துவிட்டது' என்கிற உணர்வைத் தருகிறது. புரிதலைத் தருகிறதா என்பது வேறு விஷயம். அதற்காக, தூக்கம் வரவைக்கும் எல்லா வீடியோவும் உயர்ந்தது என்று அர்த்தமில்லை. மைக் சரியில்லை, போர்டில் எழுதுவது தெரியவில்லை என்றால் அது குறைதான். ஆனால், குரல் ஏற்ற இறக்கம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல ஐ.ஐ.டி பேராசிரியரைத் தள்ளிவிடாதீர்கள்.

நடுவில் திறந்து பாருங்க

முதல் வீடியோ எப்போதுமே கல்யாண வீட்டு வாசல் மாதிரி. வாழைமரம், கோலம் எல்லாம் இருக்கும். சாப்பாடு எப்படி என்று தெரிய பந்திக்குத்தான் போகணும். எனவே 5-வது அல்லது 6-வது வாரத்தில் ஒரு வகுப்பைத் திறங்கள். பழைய செமஸ்டர் வீடியோக்கள் பெரும்பாலும் யூடியூபிலேயே கிடைக்கும். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் என்ன சொன்னார் என்று எழுதிப் பாருங்கள். முன்பாடம் தெரியாததால் பாதி புரியாமல் போகலாம், பரவாயில்லை. அவர் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எப்படிப் போகிறார், 'ஏன்' என்று எங்கேயாவது நிற்கிறாரா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அடுத்து, அசைன்மென்ட். என்னைக் கேட்டால் வீடியோவைவிட இதுதான் ஒரு கோர்ஸின் யோக்கியதையைக் காட்டும். ஸ்லைடில் இருக்கிற வாக்கியத்தையே கோடிட்ட இடமாக்கிக் கேட்டால், அந்த கோர்ஸ் உங்கள் ஞாபகசக்தியை மட்டுமே நம்புகிறது. வகுப்பில் சொல்லாத ஒரு சூழலைக் கொடுத்து, சொன்னதை அங்கே பயன்படுத்தச் சொன்னால், யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். என்பிடெல்லின் 12 வார கோர்ஸில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளுக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. டெலிகிராமில் விடை வாங்கிப் போட்டால் அந்த 25 கிடைத்துவிடும், 75-க்கு யாரும் வர மாட்டார்கள்.

பதிவான வருஷத்தையும் பாருங்கள். ஆனால், 'பழசு என்றால் மோசம்' என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். எம்.ஐ.டி-யில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய லீனியர் அல்ஜீப்ரா வகுப்புகள் 1999-ல் பதிவானவை. இன்றைக்கும் உலகமே பார்க்கிறது. மேட்ரிக்ஸுக்கு எக்ஸ்பயரி தேதி கிடையாது. சைபர் செக்யூரிட்டிக்கும் வரிச் சட்டத்துக்கும் உண்டு.

சார் எந்தப் பக்கம்?

பொறியியல் பாடத்தோடு கதை முடிவதில்லை. பொருளாதாரம், வரலாறு, தத்துவம், உளவியல் என்று போனால் சாய்வு என்ற விஷயம் வந்துவிடும். யேல் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் பாடங்களில் ராபர்ட் ஷில்லரின் நிதிச் சந்தை வகுப்பு இருக்கிறது. ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஆனால் 2008, 2011 என இரண்டு பதிவுகள். நடுவில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து உலகமே ஆடிப்போனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஒரு பாடம்.

ஷில்லரின் பார்வையில், மனிதர்களின் மனநிலை சந்தை விலைகளைத் தாறுமாறாக இழுத்துச் செல்லக்கூடியது. சிகாகோவின் யூஜின் ஃபாமாவோ, கிடைக்கிற தகவலையெல்லாம் விலை உடனுக்குடன் உள்வாங்கிக்கொள்கிறது என்று வாதிடுபவர். கிட்டத்தட்ட எதிரெதிர்த் துருவங்கள். 2013-ல் பொருளாதார நோபல் பரிசு இந்த இருவருக்கும், லார்ஸ் பீட்டர் ஹேன்சனுக்கும் சேர்த்தே தரப்பட்டது! ஒருவரின் கோர்ஸை மட்டும் முடித்து சர்ட்டிஃபிகேட் வாங்கியவருக்கு, எதிர்த்தரப்பு இவ்வளவு வலுவானது என்பதே தெரியாமல் போகலாம்.

சாய்வு இருப்பதே குற்றமா என்றால், இல்லை. அதே யேலில் ஷெல்லி கேகன் 2007-ல் நடத்திய 'மரணம்' பற்றிய தத்துவப் பாடம் பிரபலம். மேசைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து பேசுவாரே, அவர்தான். ஆன்மா என்று ஒன்று இருப்பதாகத் தான் நம்பவில்லை என்பதையும், அந்த நிலைப்பாட்டுக்காகவே வாதாடப் போவதையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார். பிறகு பிளேட்டோவை எடுத்து, ஆன்மாவுக்கு ஆதரவான வாதங்களைப் பொறுமையாக அலசுகிறார். எதிர்த்தரப்பை அதன் வலுவான வடிவத்தில் வைக்கிறார். இவரோடு நீங்கள் தாராளமாக முரண்படலாம், ஏமாற்றப்பட்டதாக உணர மாட்டீர்கள். தன் கருத்தை 'இதுதான் உண்மை' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்கிறவரிடம்தான் உஷார் தேவை. 'சில பேர் வேற மாதிரியும் சொல்றாங்க' என்று ஒற்றை வரியில் மறுதரப்பை முடித்துவிடுகிறவரும் அந்த ரகம்தான்.

அதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது, சொல்லாமல் விடுவது. அதற்கு சிலபஸையும் வாசிப்புப் பட்டியலையும் பாருங்கள். 'இந்திய வரலாறு' என்று பெயர் வைத்துவிட்டு, தெற்குக்கு எத்தனை மணி நேரம்? 'தத்துவ அறிமுகம்' என்றால் ஏதென்ஸில் தொடங்கி ஐரோப்பாவிலேயே முடிகிறதா? 1991 பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றிய வகுப்பில் வளர்ச்சி விகிதம் மட்டும் வருகிறதா, விவசாயமும் வேலைவாய்ப்பும் வருகின்றனவா? மென்பொருள் நிறுவனமே நடத்தும் கோர்ஸ் என்றால், போட்டி நிறுவனத்தின் கருவி பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா?

இங்கே நமக்கும் ஒரு சோதனை உண்டு. தமிழர் பெருமை பேசும் வரலாற்று வீடியோ என்றால், கல்வெட்டு எண் எங்கே, எந்த அகழாய்வு அறிக்கை என்று நாம் கேட்பதே இல்லை. கேட்கக் காதுக்கு இதமாக இருக்கிறது, விட்டுவிடுகிறோம். நமக்குப் பிடித்ததைச் சொல்பவரிடமும் அதே கறாரோடு ஆதாரம் கேட்டால்தான் நியாயம்.

ஸ்டார் ரேட்டிங்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முடித்தவர்கள்தான் பெரும்பாலும் ரிவ்யூ எழுதுகிறார்கள். மூன்றாவது வாரத்தில் ஓடிப்போனவர்கள் எதையும் எழுதுவதில்லை, நமக்குத் தேவையானதோ அவர்கள் சொல்லும் காரணம்தான். ஐந்து ஸ்டாரை விட்டுவிட்டு மூன்று ஸ்டார் கொடுத்தவர்களைப் படியுங்கள். 'வீடியோ நல்லாருக்கு, ஆனா அசைன்மென்ட்டுக்கும் பாடத்துக்கும் சம்பந்தமே இல்ல' மாதிரியான உருப்படியான தகவல் அங்கேதான் இருக்கும்.

இன்னொரு விஷயம்: என்பிடெல்லில் சேர்வதும் வீடியோ பார்ப்பதும் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். அதற்கான பதிவுக்கும் தனியாகக் கடைசித் தேதி உண்டு. எனவே வகுப்புகள் தொடங்கியதும் சந்தேகமாக இருக்கும் இரண்டு கோர்ஸிலும் சேர்ந்துவிடுங்கள். முதல் இரண்டு அசைன்மென்ட்டுகளை யாரிடமும் கேட்காமல் நீங்களே போட்டுப் பாருங்கள். எதற்குப் பணம் கட்டுவது என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.