வரி யாருடையது? தீப்பெட்டியிலிருந்து செஸ் வரை ஒரு கணக்கின் வரலாறு

தமிழ்நாடு மத்திய அரசுக்குத் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 29 காசுதான் திரும்பி வருகிறது என்ற வாதம் சில ஆண்டுகளாக மேடைதோறும் கேட்கிறது. வரி வசூலான இடத்தையே வரி கொடுத்த இடமாகக் கொள்வது இந்தக் கணக்கின் அடிப்படை. தமிழ்நாட்டின் மனக்குறை நியாயமானது. அதற்கு இந்த எண்ணைச் சாட்சிக்கு அழைப்பதுதான் பிழை. ஒரு மாகாணத்தின் பங்களிப்பை அளக்க இந்தியா நூறாண்டாக முயன்ற கதையே அதைக் காட்டிவிடும். 1920இல் மெஸ்டன் குழு, மாகாணங்கள் இந்திய அரசுக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய 983 லட்சம் ரூபாயில் 348 லட்சத்தைச் சென்னை மாகாணத்தின் தலையில் வைத்தது. பம்பாய்க்கு 56 லட்சம்தான். நிலவரி மாகாணங்களின் கைக்கு வந்ததால் சென்னையின் செலவழிக்கும் திறன் மிகவும் கூடிவிட்டது என்பது குழுவின் நியாயம். பம்பாயோ, தன்னிடம் திரளும் வருமான வரி முழுவதும் மத்திய அரசுக்குப் போகிறது என்று புலம்பியது. எந்த அளவுகோலை எடுக்கிறோமோ அதற்கேற்பவே ‘அதிகம் கொடுப்பவர்’ மாறினார்.

இன்னும் துலக்கமான சான்று அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் பக்கத்தில், சிவகாசியில் கிடைக்கிறது. சணல் எங்கள் மண்ணில் விளைகிறது, அதன் ஏற்றுமதி வரியில் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்று வங்காளம் நெடுநாள் கேட்டுவந்தது. 1934-35 வரவுசெலவுத் திட்டத்தில் நிதி உறுப்பினர் ஜார்ஜ் ஷூஸ்டர் அந்த வரியில் பாதியைச் சணல் விளையும் மாகாணங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அந்த இழப்பை ஈடுகட்டத் தீப்பெட்டிக்குக் கலால் வரி போட்டார். ஸ்வீடன் முதலீட்டில் நடந்த விம்கோ நிறுவனத்தோடு, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து தொடங்கிய சிவகாசித் தொழிலும் அந்த வரிக்குள் வந்தது. பெட்டிதோறும் பேண்டரோல் என்ற வரிச்சீட்டை ஒட்டித்தான் சரக்கை வெளியே அனுப்ப முடியும். வரியைக் கட்டியவர் சிவகாசி முதலாளி. அதை விலையில் சேர்த்துக் கொடுத்தவரோ பாட்னாவில் பீடி பற்றவைத்தவர். இதைச் சிவகாசியின் பங்களிப்பு என்பதா, பாட்னாவின் பங்களிப்பு என்பதா? கே.சி. நியோகி தலைமையிலான முதல் நிதிக்குழு 1952இல் இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. தீப்பெட்டி, புகையிலை, வனஸ்பதி மீதான கலால் வரியில் 40 விழுக்காட்டை மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்குப் பிரித்துவிட்டது. நுகர்வைத் தனியே அளக்க வழியில்லாதபோது தலைக்கணக்கே அதற்கு மிக நெருங்கியது என்பதால், அது சரியான முடிவு.

வருமான வரியில் வசூலுக்கு ஓரளவு மரியாதை இருந்தது. 1950இல், வருமான வரியை மாநிலங்களுக்குப் பிரித்த தேஷ்முக் தீர்ப்பு பம்பாய்க்கு 21, சென்னைக்கு 17.5 விழுக்காடு தந்தது. நியோகி குழு மக்கள்தொகைக்கு 80, வசூலுக்கு 20 என்று எடை வைத்தது. இந்த எடையாலும் புதிதாகச் சேர்ந்த மாநிலங்களுக்குப் பங்கு தரவேண்டி வந்ததாலும் பம்பாய் 17.5க்கு இறங்கியது. அன்றைய பம்பாயின் புகாரையும் இன்றைய நம் புகாரையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் பெயர்களைத் தவிர வேறுபாடு குறைவு. பின்வந்த பல குழுக்கள் வசூலின் எடையைப் பத்தாக்கின, கே.சி. பந்த் தலைமையிலான பத்தாவது குழு அதை அடியோடு நீக்கியது.

வசூலைக் கணக்கில் எடுக்காவிட்டால் உழைத்து வளர்ந்த மாநிலத்துக்கு என்ன மிச்சம் என்று கேட்கலாம். கேள்வி சரிதான். ஆனால் வசூலை மீண்டும் அளவுகோலாக்கினால் முதலில் கொழிப்பது, பெரிய கம்பெனிகளின் தலைமையகங்கள் நிறைந்த மும்பையைக் கொண்ட மகாராஷ்டிரம். தமிழ்நாட்டில் விற்று ஈட்டிய லாபத்தின் வரியும் அங்கேதான் பதிவாகும். ஜிஎஸ்டியிலும் இதே நிலை. ராஜபாளையத்து மில் நூலை பிவண்டிக்கு அனுப்பி ஐஜிஎஸ்டி கட்டினால், அதில் மாநிலப் பங்கு நூல் போய்ச் சேரும் மகாராஷ்டிரத்துக்கு உரியது. 2017 ஜூலை முதல் சட்டமே அப்படி.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 80ஆம் அரசியல் சட்டத் திருத்தம் மத்திய வரிகள் அனைத்தையும் பங்கிடத்தக்கதாக்கியது. குறிப்பிட்ட நோக்கத்துக்கான செஸ்ஸையும் வரிமேல் வரியான சர்சார்ஜையும் மட்டும் வெளியே விட்டது. 2021இன் பெரும்பகுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர் ஒருவர் வண்டிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டால் மத்திய அரசுக்குப் போனது 32 ரூபாய் 90 காசு. மாநிலங்களோடு பங்கிடவேண்டிய அடிப்படைக் கலால் வரி அதில் 1 ரூபாய் 40 காசுதான். மற்றதெல்லாம் செஸ், கூடுதல் தீர்வை. மாநிலங்களின் பங்கு 41 விழுக்காடா, தமிழ்நாடு கேட்கும் 50ஆ என்ற வாதம் அந்த ஒன்று நாற்பதைப் பற்றியது. இதோடு, பதினான்காவது குழு நிதி ஒழுங்குக்கு முன்பிருந்த எடையை நீக்கி 2011 மக்கள்தொகையை உள்ளே கொண்டுவந்தபோது தமிழ்நாட்டின் பங்கு 4.969இலிருந்து 4.023 ஆனது. குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய மாநிலத்துக்கு அது விழுந்த அடி. பதினைந்தாவது குழு மக்கள்தொகைச் செயல்பாட்டுக்கு 12.5 எடை தந்தும் பங்கு 4.079க்குத்தான் ஏறியது.

அரவிந்த் பனகாரியா தலைமையிலான பதினாறாவது குழு, நாட்டின் மொத்த உற்பத்தியில் மாநிலத்தின் பங்களிப்புக்கு 10 விழுக்காடு எடை தந்திருக்கிறது. வரி எங்கே கட்டப்பட்டது என்பதை விட்டுப் பொருள் எங்கே உற்பத்தியானது என்று பார்ப்பதால், நியோகி காலத்து வசூல் அளவுகோலைவிட இது மேல். ஆனால் 41 விழுக்காடு அப்படியே நிற்கிறது. செஸ்ஸும் சர்சார்ஜும் இன்னும் பங்குக்கு வெளியேதான்.