மகாத்மா படமும் தமிழர் மறதியும்

புதிய படமொன்று வெளிவருகின்றதென்றால் நம்மவர் கொள்ளும் ஆரவாரம் சொல்லுந்தரமன்று. சுவரெல்லாம் விளம்பரம், வாயெல்லாம் அதே பேச்சு. ஆனால் வெளிவந்த படம் பத்தாண்டு கழித்து எங்கிருக்கின்றது என்று கேட்பார் நம்மில் அரியர். கதைப் படங்களின் நிலை எங்ஙனமாயினும் ஆகுக. நடந்ததை நடந்தவாறே காட்டும் விவரணப் படங்களின் திறத்தில் இம்மறதி பொறுக்கத்தக்கதன்று. கதை தொலைந்தால் வேறொரு கதை புனைந்துகொள்ளலாம். சாட்சியம் தொலைந்தால் நடந்ததே நடவாதது போலாகிவிடும். இவ்வுண்மையைத் தமிழர்க்கு உணர்த்தவல்லது ஒரு தமிழரே எடுத்த மகாத்மா காந்தி படத்தின் வரலாறு. காந்தியாரின் கொள்கை அனைத்தையும் ஒப்புவோர்க்கே இவ்வரலாறு உரியதென்று எவரும் எண்ணவேண்டா. ஒரு சமூகம் தன் காலத்தை எவ்வாறு காத்துக்கொள்கின்றது என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

ஏ. கே. செட்டியார் 1911-ஆம் ஆண்டில் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். இளமையிலேயே இரங்கூன் சென்று 'தனவணிகன்' என்னும் பத்திரிகையின் ஆசிரியராய் அமர்ந்தார். வட்டித் தொழிலே வாழ்வெனக் கருதப்பட்ட குலத்தில் பிறந்தும், அவர் உள்ளம் எழுத்திலும் ஒளிப்படத்திலும் பதிந்தது. ஜப்பானுக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் சென்று படப்பிடிப்புக் கலையைக் கற்றார். 1937 அக்டோபர் 2-ஆம் நாள் அவர் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியாரின் பிறந்தநாள். அம்மனிதரின் வாழ்வைப் படமாக்கினால் என்ன என்ற எண்ணம் நடுக்கடலில் அவர்க்கு உதித்தது. அப்போது அவர்க்கு வயது இருபத்தைந்து.

எண்ணுதல் எளிது, செய்தல் அரிது. காந்தியாரோ சினிமாவை விரும்பாதவர். படத்திற்காக வந்து நிற்கும்படி அவரை வேண்டுதல் இயலாது. மேலும், அவர் வாழ்வின் பெரும் நிகழ்ச்சிகள் பல அதற்கு முன்னரே நடந்து முடிந்திருந்தன. நாடகக்காரரைக் கொண்டு அவற்றை நடித்துக் காட்டுவிப்பின் அது விவரணப் படமாகாது. ஆகவே ஒரு வழியே எஞ்சி நின்றது. உலகின் பல திசைகளில் பலர் வெவ்வேறு காலத்தில் எடுத்துவைத்த துண்டுப் படங்களையெல்லாம் தேடிப் பிடித்து, ஒழுங்குபடுத்தி, ஒரே படமாகக் கோப்பதே அது. இதன்பொருட்டு 'டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

துண்டுப் படங்கள் உலகெங்கும் சிதறிக்கிடந்ததற்குக் காரணம் உண்டு. 1930-ஆம் ஆண்டு உப்பு யாத்திரையைப் பலர் படம் பிடித்தனர். ஆனால் இந்தியாவிலிருந்த மாகாண சர்க்கார்கள் அத்தகைய படங்களைத் தடை செய்தன. 1931-இல் காந்தியார் வட்டமேஜை மாநாட்டிற்காக லண்டன் சென்றபோதோ, அந்நாட்டுச் செய்திப்படக் கம்பெனிகள் அவரைத் தொடர்ந்து சென்று படமெடுத்தன. கம்பெனிகள் அவற்றைக் காத்தது காந்தி பக்தியால் அன்று. பழைய சரக்கும் ஒருநாள் விலைபோகும் என்னும் வணிக அறிவினால். அவ்வறிவே பின்னர்ச் சரித்திரத்திற்கு உதவிற்று.

செட்டியார் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கம்பெனி கம்பெனியாக ஏறியிறங்கினார். ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர்கள் முப்பது ஆண்டுகளில் எடுத்த படங்களிலிருந்து 50,000 அடி பிலிம் சேர்த்தார். பேசும்பட வேகத்தில் ஒரு நிமிடத்திற்கு 90 அடி ஓடுமாதலால், அது ஒன்பது மணி நேரத்திற்கு மேற்பட்ட காட்சியாம். பழைய ஊமைப் படங்களின் ஓட்டம் வேறு, பேசும் படத்தின் ஓட்டம் வேறு. ஒன்றின் அளவில் மற்றதை ஓட்டினால் நடப்பவர் ஓடுபவர்போல் தோன்றுவர். இத்தகைய இடர்களையெல்லாம் கடந்து, சேர்த்தவற்றினின்று 12,000 அடியைத் தேர்ந்து படமாக்கினார். அடியளவைக் கணக்கிட்டால் அது இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்டது.

1940 ஆகஸ்டு 23-ஆம் நாள் சென்னை ராக்ஸி கொட்டகையில் அப்படம் தமிழ் விளக்கவுரையுடன் வெளிவந்தது. பின்னர்த் தெலுங்கிலும் வெளிவந்தது. புராணக் கதைகளே திரையை ஆண்ட அக்காலத்தில், உயிரோடிருக்கும் ஒரு மனிதரின் மெய்யான வாழ்வைத் தமிழர் தம் மொழியிலேயே கண்டனர். காலமோ போர்க்காலம். படம் வெளிவந்த இரண்டு மாதத்திற்குள் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. 1942-இல் ‘வெள்ளையனே வெளியேறு’ கிளர்ச்சி மூண்டது. காந்தியாரே சிறையிலிருக்க, அவர் படம் கொட்டகையில் உலவுதல் எங்ஙனம்? 1947 ஆகஸ்டில், விடுதலை பிறந்த வேளையில், ஹிந்தி விளக்கவுரையுடன் அது டில்லியில் காட்டப்பெற்றது. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் உருவாயிற்று.

இனிதான் நாம் நாணவேண்டிய பகுதி வருகின்றது. செட்டியார் 1943 முதல் 'குமரி மலர்' என்னும் மாத இதழை நடத்தி, மறைந்துபோன பழைய எழுத்துக்களையெல்லாம் தேடித்தேடி அதில் பதிப்பித்தார். 'மலேயா முதல் கனடா வரை' என்று நம் நாட்டின் பெயரையும் தாங்கிய பயண நூல் எழுதினார். 1983-இல் காலமானார். பிறர் மறந்ததைத் தேடிக் காத்த அவருடைய சொந்தப் படத்தையோ தமிழகம் காக்கவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அப்படத்தை நாடித் தேடியபோது, முழுமையான தமிழ்ப்படம் கிட்டவில்லை. கிட்டியது ஆங்கிலத்தில் அமைந்த சுருங்கிய வடிவம். அதுவும் சென்னையிலன்று, அமெரிக்காவில்! படம் எடுத்த கதையைச் செட்டியார் எழுதிவைத்த கட்டுரைகள் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலாகியுள்ளன. தாள் நின்றது, படச்சுருள் போயிற்று. பிறநாட்டார் காத்த துண்டுகளைக்கொண்டு ஒரு தமிழர் படம் அமைத்தார். அத்தமிழர் அமைத்த படத்தைத் தமிழர் காக்கவில்லை. இதனினும் கசப்பான பாடம் வேறுண்டோ?

பிலிம் என்பது ஏட்டினும் மெலிந்த பொருள். 1950-ஆம் ஆண்டையொட்டி வரை வழங்கிய பிலிம் வெடிகஞ்சிற்கு இனமான நைட்ரேட்டால் ஆயது; தீப்பற்றினால் நீருள்ளும் எரியும்; எரியாவிடினும் நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியாகும். அதிலுள்ள வெள்ளிக்காகச் சுருள்களை உருக்கியவரும் உண்டு. தென்னிந்தியாவில் எடுத்த ஊமைப் படங்களுள் இன்று நம் கைக்கெட்டுவது 1933-இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா'வைத் தவிர அரிதே. முதல் தமிழ்ப் பேசும் படமான 1931-ஆம் ஆண்டுக் 'காளிதாஸ்' இல்லை.

மேனாட்டார் இதனை முன்னரே உணர்ந்தனர். 1932-இல் வெனிஸ் நகரில் திரைப்பட விழா தோன்றிற்று. ஆறாண்டு கழித்து 1938-இல், செட்டியார் துண்டுப் படங்களைத் தேடத் தொடங்கிய காலத்திலேயே, பாரிஸ், லண்டன், நியூயார்க், பெர்லின் ஆகிய நான்கு நகரங்களின் காப்பகங்கள் கூடிச் சர்வதேசச் சம்மேளனம் ஒன்றை அமைத்தன. விழா படத்திற்குப் புகழ் தரும். காப்பகம் அதற்கு ஆயுள் தரும். இந்தியாவில் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952-இல் நடந்தது. புனாவில் தேசியக் காப்பகம் 1964-இல்தான் எழுந்தது. அவ்விடைவெளியில் அழிந்தவை எத்துணையோ!

நிற்க. மலாயாத் தமிழராகிய நமக்கு இதனால் ஆவதென்ன? 1946-இல் கோலாலம்பூரில் மலாயன் பிலிம் யூனிட் ஏற்பட்டது. சர்க்காரின் வண்டிகள் தோட்டந்தோறும் வந்து, திடலில் வெண்டிரை கட்டி, தமிழ் விளக்கவுரையுடன் படங்காட்டின. பால்மரம் சீவி உழைத்த மக்கள் அவற்றைப் புல்தரையில் அமர்ந்து கண்டனர். சர்க்கார் சொல்ல விரும்பியதையே அவை சொல்லின. லயத்து மக்கள் சொல்ல விரும்பியதைச் சொல்ல அவர்கள் கையில் கருவி இல்லை.

அதன் விளைவைச் சயாம் மரண ரயில்பாதையில் காண்கின்றோம். 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானியர் அங்கே 415 கிலோமீட்டர் பாதை அமைத்தனர். நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதோர் தொகை பெரிது. காஞ்சனபுரியில் மடிந்த நேசநாட்டுப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. நம்மவர்க்கோ அத்தகைய வரிசை இல்லை. பிற்காலத்தில் சிலர் முயன்று, உயிரோடிருந்த முதியோரைப் படக்கருவி முன் அமர்த்தி அவர்தம் வாய்மொழியைப் பதிந்தனர். அப்பெருந்துயர்க்கு நம்மிடம் உள்ள சாட்சியத்தில் அவ்வாய்மொழி ஒரு பெரும் பங்காகும். பேசிய முதியோர் மறைவர், அப்படங்களும் மறையலாமா?

இன்று படக்கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. இளைஞர் பலர் தோட்டம், கோயில், தமிழ்ப்பள்ளி, தொழிற்சங்கம் ஆகியவை பற்றி நல்ல விவரணப் படங்களை எடுக்கின்றனர். விழாக்களில் அவை காட்டப்படுகின்றன; கைதட்டல் எழுகின்றது; மாலையிடுகின்றோம். மறுநாள் அப்படம் எடுத்தவரின் மேசை இழுப்பறைக்குச் சென்றுவிடுகின்றது. பெட்டி பழுதானால் படமும் போயிற்று. நைட்ரேட் செய்த வேலையை இப்பொழுது நம் அலட்சியம் செய்கின்றது.

செய்யத்தக்கது பெரிதன்று. மலேசியாவில் தேசிய ஆவணக் காப்பகம் 1957 முதலும், சிங்கப்பூரில் அத்தகைய காப்பகம் 1968 முதலும் இருக்கின்றன. 2005-இல் சிங்கப்பூரில் ஆசியத் திரைப்படக் காப்பகமும் தோன்றியுள்ளது. படம் எடுப்போர் ஒரு பிரதியை இத்தகைய இடங்களில் சேர்ப்பிக்கட்டும். பேசியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை எழுதி உடன் வைக்கட்டும். விழா நடத்தும் சங்கங்கள், காட்டிய படங்களின் பிரதியும் பட்டியலும் பாதுகாக்கப்படுகின்றனவா என்று கேட்டறிதலைத் தம் கடமையாகக் கொள்ளட்டும். பொன்னாடைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இருபத்தைந்து வயதில் நடுக்கடலில் உதித்த எண்ணத்தை நிறைவேற்ற ஒரு தமிழர் உலகைச் சுற்றினார். அத்துணை தூரம் நாம் செல்லவேண்டுவதில்லை. நம் வாழ்வின் சாட்சியத்தை நம் வரும் தலைமுறை அயலார் வாயிலில் நின்று இரந்து பெறாதபடி காத்தல் ஒன்றே நம் கடன். தமிழ் மக்கள் சிந்திப்பார்களாக!