ஊனுண்ணித் தொட்டிச் செடிகளின் குளிர்கால உறக்கம்: ஒரு வளர்ப்பு வரலாறு

ஊனுண்ணித் தாவரங்கள் என்றதும் நம்மில் பலருக்கு வெப்பமண்டலக் காடுதான் நினைவுக்கு வருகிறது. பள்ளிப் பாடநூல்களில் நெப்பந்தஸ், டிரோசீரா, டயோனியா, யுட்ரிகுலேரியா ஆகியவை ஒரே பத்தியில் அடுத்தடுத்து வருவதும் இதற்கு ஒரு காரணம். அவற்றை அப்படியே ஒரே மூச்சில் நடத்திய ஆசிரியர்களுள் நானும் ஒருவன். ஆனால் இவற்றின் பிறப்பிடங்கள் வேறு. மேகாலயத்தின் நெப்பந்தஸ் உறைபனியைத் தாங்காது. வட அமெரிக்காவின் சாரசீனியாவும் டயோனியாவும் ஆண்டுதோறும் குளிரில் சில மாதங்கள் உறங்கினால்தான் நீடித்து வாழும். இந்த வேறுபாட்டை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அதற்குள் எண்ணற்ற செடிகள் தொட்டிகளிலேயே மடிந்தன.

கியூபெக்கிலிருந்து வந்த செடி

ஊதாக் குடுவைத் தாவரம் எனப்படும் சாரசீனியா பர்பூரியாவின் படம் 1601-இல் குளூசியஸ் வெளியிட்ட தாவர நூலிலேயே இடம்பெற்றுவிட்டது. எனினும் அதன் பெயர் நிலைபெறக் காரணமானவர் மிக்கேல் சாராசேன் (1659–1734). பிரெஞ்சுக் குடியேற்றமான கியூபெக்கில் மருத்துவராக இருந்த இவர், அங்குள்ள தாவரங்களைச் சேகரித்துப் பாரிசுக்கு அனுப்பிவந்தார். அவர் அனுப்பிய செடிக்குத் தாவரவியலாளர் தூர்னஃபோர் 1700-இல் அவர் பெயரையே சூட்டினார். பின்னர் லின்னேயசும் அதை ஏற்றுக்கொண்டார்.

இச்செடியின் தாயகம் எத்தகையது என்பதைக் கவனிக்க வேண்டும். அது அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் தொடங்கிக் கனடாவின் லாப்ரடார் வரை சதுப்பு நிலங்களில் வளர்கிறது. அங்கே குளிர்காலம் முழுவதும் பனி மூடிக் கிடக்கும். குடுவைக்குள் தேங்கிய நீர் கட்டியாக உறைந்துவிடும். அந்த நீரில் மட்டுமே வாழும் வையோமியா ஸ்மித்தி என்ற கொசுவின் புழுக்களும் அந்தப் பனிக்கட்டிக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் மீண்டும் நெளியத் தொடங்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணம் 1954-இல் இதைத் தன் மாகாண மலராக ஏற்றது. குளிருக்கு அஞ்சும் செடிக்கு அந்தப் பெருமை கிடைத்திருக்காது.

டயோனியாவின் கதை சற்று மாறுபட்டது. வட கரோலினாவின் ஆளுநர் ஆர்தர் டாப்ஸ் 1759-60-இல் லண்டனிலிருந்த பீட்டர் காலின்சனுக்கு எழுதிய கடிதங்களில், தொட்டால் மூடிக்கொள்ளும் விந்தையான செடி ஒன்றைக் குறிப்பிட்டார். உயிருள்ள செடிகள் இங்கிலாந்தை வந்தடைந்தது 1768-இல்தான். கொண்டுவந்தவர் வில்லியம் யங். அதே ஆண்டில் ஜான் எல்லிஸ் அதை ஆராய்ந்து, டயோனியா மஸ்கிபுலா என்று பெயரிட்டு லின்னேயசுக்குக் கடிதம் எழுதினார். (மஸ்கிபுலா என்ற இலத்தீன் சொல்லுக்கு எலிப்பொறி என்றுதான் பொருள். ஈயைப் பிடிக்கும் செடிக்கு எலிப்பொறி என்று பெயர் நிலைத்துவிட்டது!) இச்செடி இயற்கையாக வளர்வது வட, தென் கரோலினா மாநிலங்களின் கரையோரச் சமவெளியில் மட்டுமே. கோடையில் அங்கே கடும் வெப்பம்; குளிர்காலம் குறுகியது, ஆனால் பல இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும்.

கண்ணாடிக்குள் ஒரு கோடை

கடல் கடந்து அரும்பாடுபட்டு வந்த செடியைப் பனியில் வைக்க யாருக்கு மனம் வரும்? அரிய செடி என்றாலே கண்ணாடிக் கூரையும் கணப்பும் தேவை என்பது அக்காலத் தோட்டக் கலையின் பழக்கம். 1845-இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டபின் கண்ணாடி இல்லங்கள் பெருகின. அவற்றுள் வெந்நீர்க் குழாய்கள் ஓடின. போர்னியோவிலிருந்து வந்த நெப்பந்தஸ் அங்கே செழித்தது. அதன் அருகில் வைக்கப்பட்ட டயோனியாவோ முதல் ஆண்டில் பசுமையாக இருந்து, அடுத்த ஆண்டில் மெலிந்து, பிறகு அழுகிப்போகும்.

இதன் காரணம் எளியது. இச்செடிகள் கோடையில் சேர்த்த உணவை மட்டநிலத்தண்டில் சேமித்து வைக்கின்றன. பகற்பொழுது குறைந்து குளிர் தொடங்கும்போது வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. டயோனியாவின் பொறிகள் கறுத்துவிடும். மண்ணை ஒட்டிச் சில சிறிய இலைகளே எஞ்சும். கணப்பின் வெம்மையில் இந்த ஓய்வு கிடைப்பதில்லை. குளிர்காலத்தின் மங்கிய ஒளியில் போதிய உணவைத் தயாரிக்கவும் முடியாது. ஆகவே சேமிப்பைத் தின்று தீர்த்துவிட்டுச் செடி சாகிறது. செடி இறந்ததற்குக் குளிரே காரணம் என்று எண்ணி, அடுத்த செடிக்கு இன்னும் அதிகமாகக் கணப்பு மூட்டியவர்களும் இருந்திருப்பார்கள்.

விடை அவர்கள் வாசலிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. சார்லஸ் டார்வின் 1860 கோடையில் சசெக்ஸ் பகுதியின் புதர்வெளியில் கண்டு ஆராயத் தொடங்கிய வட்ட இலைப் பனித்துளிச் செடி இங்கிலாந்துக்கே உரியது. அது இலையுதிர் காலத்தில் தன் இலைகளை எல்லாம் இழந்து, இறுகச் சுருண்ட ஒரு சிறு மொட்டாகிவிடும். அந்தக் குளிர்கால மொட்டுதான் பனியைக் கடந்து வசந்தத்தில் விரிகிறது. ஐரோப்பிய மலைகளின் பிங்குயிகுலாவும் அவ்வாறே செய்கிறது. 1875-இல் வெளிவந்த டார்வினின் ஊனுண்ணித் தாவர நூல் இச்செடிகளின் மீது பெரும் ஆர்வத்தைத் தூண்டியது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, டப்ளினின் கிளாஸ்நெவின் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த டேவிட் மூர் உருவாக்கிய கலப்பினச் சாரசீனியா ஃபிளாரன்ஸ் நகரக் கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்தது. காலப்போக்கில் சாரசீனியாக்கள் வெப்ப இல்லத்திலிருந்து, உறைபனி மட்டும் படாத குளிர்ந்த இல்லத்துக்கு மாறின. அங்கிருந்து திறந்த வெளிக்கு இன்னும் ஒரே ஓர் அடி.

தொட்டியின் சிக்கல்

சதுப்பு நிலத்தில் தாங்கும் செடி அதே குளிரைத் தொட்டியிலும் தாங்கும் என்று சொல்ல முடியாது. நிலத்தில் வேருக்கு மேற்புறம் மட்டுமே குளிர் படும். கீழே ஈரமண்ணின் வெம்மை இருக்கும். மேலே விழும் வெண்பனியும் ஒரு போர்வையாகக் காக்கும். தொட்டிக்கோ நாற்புறமும் காற்று. ஒரே இரவில் மண் முழுவதும் உறைந்து, பகலில் இளகி, மறுபடியும் உறையும். இன்னொரு ஆபத்து வறட்சி. மண்ணிலுள்ள நீர் கட்டியாகிவிட்டால் வேரால் அதை உறிஞ்ச இயலாது. அப்போது வறண்ட காற்று வீசினால், நீரில் நிற்கும் செடியே உலர்ந்து சாகும். குளிரைவிட இந்தக் காற்றே பல செடிகளைக் கொல்கிறது.

குளிர்நாட்டு வளர்ப்பாளர்களின் முறைகள் யாவும் இவ்விரண்டையும் தடுப்பதற்கே. தொட்டியை விளிம்பு வரை நிலத்தில் புதைப்பது, பல தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி வைப்பது, பைன் ஊசியிலைகளையோ வைக்கோலையோ மேலே பரப்புவது, அதன்மேல் சாக்குத்துணி போர்த்துவது ஆகியவை அம்முறைகள். சிறு தொட்டியைவிடப் பெரிய தொட்டி நல்லது. அதிலுள்ள ஈரமண் மெதுவாகவே உறையும். மண்பானை உறைபனியில் வெடித்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் தொட்டிகளே ஏற்றவை. குளிர் தணிந்ததும் போர்வையை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் சாம்பல் பூஞ்சணம் மட்டநிலத்தண்டை அரிக்கும்.

இவ்வறிவு பரவலானது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1972-இல் அமெரிக்காவில் டான் ஷ்நெல், ஜோ மஸ்ரிமஸ் ஆகியோர் ஊனுண்ணித் தாவர வளர்ப்பாளர்களுக்கெனச் செய்தியிதழ் ஒன்றைத் தொடங்கினர். இங்கிலாந்தில் ஏட்ரியன் ஸ்லாக் 1979-இலும் 1986-இலும், கலிபோர்னியாவில் பீட்டர் டமாட்டோ 1998-இலும் எழுதிய நூல்கள் வீட்டுத் தோட்டக்காரர்களைச் சென்றடைந்தன.

இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று. அங்காடியில் வாங்கிய டயோனியாவை ஜன்னலோரம் வைத்துச் சாகவிட்டுப் புதிதாக வாங்குவது வழக்கமானால், அந்தத் தேவையை யாரோ நிறைவு செய்ய வேண்டும். திசு வளர்ப்பில் இலட்சக்கணக்கான செடிகள் கிடைக்கும் இக்காலத்திலும் கரோலினாக் காடுகளில் செடித் திருட்டு ஓயவில்லை. ஆகவே 2014 டிசம்பர் முதல் வட கரோலினாவில் அது கடுங்குற்றமாக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் உறங்கி விழிக்கும் செடி ஒரே தொட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது.

அயர்லாந்துச் சதுப்புகள்

குளிர்காலத்தை வெளியில் கடக்க முடியும் என்பதற்கான மிகப் பெரிய சான்று தொட்டிக்கு வெளியே இருக்கிறது. அது மகிழ்ச்சியான செய்தியும் அன்று. 1906-இல் அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்தில், டெர்மன்பேரி அருகிலுள்ள சதுப்பு ஒன்றில் சாரசீனியா பர்பூரியாவை நட்டுவைத்தனர். அது சாகவில்லை, பூத்து, விதை உதிர்த்துப் பெருகியது. அங்கிருந்து பெயர்க்கப்பட்ட செடிகள் வேறு சதுப்புகளிலும் வேரூன்றின. சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைச் சதுப்புகளிலும் இவ்வாறே நட்டவை நிலைத்துவிட்டன. அயர்லாந்தின் சதுப்புகள் பீட் வெட்டியெடுப்பதால் ஏற்கெனவே சுருங்கிவிட்டவை. எஞ்சியவற்றில் இக்குடுவைகள் நெருக்கமாகப் படர்ந்து, அங்கே உரிமையுடன் வளரும் ஸ்பாக்னம் பாசியையும் சிறு செடிகளையும் மூடுகின்றன. ஒரு காலத்தில் கண்ணாடிக்குள் பொத்திப் பாதுகாத்த அதே செடியை, இயற்கைப் பாதுகாவலர்கள் இப்போது சதுப்பிலிருந்து அகற்ற வேண்டியிருக்கிறது.